பஸ்ஸுக்கு முன்னால் நடந்த முதலாளியம்மா

1981 நவம்பர் 12, வியாழக்கிழமை. விடியுமுன் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சவரம் செய்துகொண்டேன். தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் இருந்த மழைமானியில் தேங்கிய நீரை அளந்து குறித்துக்கொண்டு, குடுவையைக் காலி செய்து திரும்ப வைத்தேன். ஒரு வாரமாக மழை விடவில்லை. பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும், பெண்கள் சாக்கை மடித்துத் தைத்த கொங்காணியைத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். நான் ஆபீசுக்குள் போய்ச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து முந்திய நாள் பேர்க்கணக்கைச் சரிபார்த்தேன். ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் கிளாக்கராக வேலை பார்த்த எல்லா நாட்களும் இப்படித்தான் தொடங்கின.

அன்றைக்கு ஒரு வேறுபாடு இருந்தது. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த என் அக்கா, கணவரோடும் பிள்ளைகளோடும் அன்று மாலைக் கோச்சியில், அதாவது ரயிலில், இந்தியாவுக்குப் புறப்படுகிறாள். இரு நாட்டு ஒப்பந்தப்படி அவர்களுக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தது, எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எங்கள் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். தலைமன்னாரில் கப்பலேறும் நாள் முன்னால் வந்துவிட்டது என்று முந்திய நாள்தான் தந்தி வந்தது. தோட்டத்து மேலாளரான துரை மத்தியானத்துக்குப் பிறகே லீவு தந்ததால் பதுளைக்குப் போய்ச் சேர நேரமில்லை. ஆனால் பதுளையிலிருந்து வரும் கோச்சி இருட்டிய பிறகு அப்புத்தளையில் சற்று நேரம் நிற்கும். அங்கே பிளாட்பாரத்தில் நிற்பேன் என்று பதில் தந்தி கொடுத்திருந்தேன். அப்புத்தளை வரை போக நான் நம்பியிருந்தது முதலாளியம்மாவின் பஸ்ஸை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரே எங்கும் எழுதிக்கொண்டதில்லை. தனியார் பஸ் ஓடலாம் என்று அனுமதி வந்த பிறகு எங்கள் பாதையில் ஓடிய வேன்களில் எல்லாம் சாமி பெயரோ மகள் பெயரோ பூப்போட்ட எழுத்தில் இருக்கும். இவருடைய பஸ்ஸின் நெற்றியில் ஹல்துமுல்லை, பதுளை என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் புறப்படும் நேரமும் மட்டுமே இருந்தன. பெயின்ட் விற்கிற விலையில் பெயர் எதற்கு என்று கேட்டாராம்.

செலவு என்று வந்தால் அவரைப் போல இறுக்கிப் பிடிப்பவரை நான் கண்டதில்லை. பஸ் ஏலத்தில் எடுத்தது. பஞ்சு போன சீட்டுகளைச் சரிசெய்யாமல் பலகை அடித்துவிட்டார். கண்ணாடி உடைந்த ஜன்னல்களுக்குப் படங்குத் துணியில் திரை தைத்தார். நல்ல மழை பெய்யும்போது பஸ்ஸை வெளியில் நிறுத்தித் தேங்காய்த் தும்பால் தேய்ப்பார். வழியில் போகிறவர்கள் சிரித்தால், மேலே இருந்து சும்மா ஊற்றுகிறார்கள், பிடித்துக்கொள்ள வேண்டாமா என்பார். இப்படி மிச்சம் பிடித்துத்தான் வேன்காரர்கள் கேட்பதைவிடக் குறைவாகக் கட்டணம் வாங்கினார். தோட்டத்துச் சனங்கள் முதுகு வலித்தாலும் அவருடைய பலகை சீட்டையே தேடிப் போனதற்கு அதுதான் காரணம்.

டயர் விஷயத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். காலையில் பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். விரலுக்குப் பள்ளம் போதாமல் போனால் அன்றே டயர் கழற்றப்படும். பிரேக்கும் அப்படித்தான். எங்கள் பாதையில் வேன் ஓட்டிய ஹல்துமுல்லை முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நாநா என்போம். முதலாளியம்மா கழற்றிப் போடும் டயர்களை அவர்தான் மலிவாக வாங்கிக்கொள்வார். "அம்மா கழட்டுற டயர்ல நான் இன்னும் ஒரு பெருநாள் பாத்துருவேன்" என்று வேன் கதவில் தட்டிச் சொல்வார். முதலாளியம்மா காசை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, "பெருநாளைப் பாருங்க, ரோட்டையும் பாருங்க" என்பார்.

அவருடைய கணவர் வெலிமடையிலிருந்து கிழங்கு ஏற்றிய லொறியோடு பனியில் பள்ளத்தில் விழுந்து இறந்தார், அதனால்தான் இவருக்கு இவ்வளவு பயம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நான் விசாரித்தவரை அது உண்மையில்லை. அவர் காய்ச்சல் வந்து வீட்டில் இறந்தவர். ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். முதலாளியம்மா கோபப்படவில்லை. "அவரு ஒரு நாளும் லொறியக் கவுத்ததில்ல கிளாக்கரய்யா. கவுக்காததுனாலதான் பஸ் வாங்க எனக்குக் காசு மிஞ்சுச்சு" என்றார்.

நேரம் தவறமாட்டார். வேன்கள் ஆள் நிரம்பும் வரை சந்தியில் உறுமிக்கொண்டு நிற்கும். அவருடைய பஸ் பாதி காலியாக இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஒருநாள் அவருடைய சொந்தத் தம்பி கையில் ஒரு கோழியோடு ஓடிவந்தான். பஸ் நகர்ந்துவிட்டது. முதலாளியம்மா மிதிபலகையில் நின்றபடி, "தம்பி, அடுத்த பஸ்ஸுக்கு நேரத்தோடயே வந்துட்டியே" என்றார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் சிரித்தோம்.

இப்படி நேரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒருவர், பனி மூடிவிட்டால் நேரம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார். பெரகலைச் சந்தி தாண்டி அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் பனி இறங்கினால் பஸ்ஸின் மூக்கு டிரைவருக்கே தெரியாது. மற்ற வண்டிகளில் கண்டக்டரை முன்னால் நடக்க விடுவார்கள். இங்கே முதலாளியம்மாவே இறங்குவார். கோதுமை மாச் சாக்கில் தைத்த வெள்ளைக் கொங்காணி ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு சாலையின் நடுவே நடப்பார். டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸை ஊர்ந்து கொண்டுபோவார். வளைவு வந்தால் வெள்ளை நின்றுவிடும். பஸ்ஸும் நிற்கும். அவர் மட்டும் பனிக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

போகலாமா வேண்டாமா என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அவர் ஒருவர், டிரைவர் பியதாச ஒருவர். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் பஸ் போகாது. வேண்டாம் என்றவரிடம் காரணம் கேட்கக் கூடாது. பியதாச அப்புத்தளைக்காரர், சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார், வேகமாக ஓட்டப் பிடிக்கும். பல தடவை அவர் போகலாம் என்பார், முதலாளியம்மா வேண்டாம் என்பார். சில தடவை மறுபக்கமாகவும் நடக்கும். பயணம் பாதியில் நின்றாலும் பியதாசவுக்கு அன்றைய கூலி முழுதாகக் கிடைக்கும். வேன்களில் டிரைவருக்கு வசூலில் பங்கு. அதனால் அவர்கள் பனியிலும் பறப்பார்கள்.

பஸ் நின்றுவிட்டால் பயணிகள் சும்மா இருப்பார்களா? அந்த ஏச்சையும் அவரே வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்று சொன்னது யாராக இருந்தாலும், மிதிபலகையில் ஏறி நின்று நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்பார். ஒரு கல்யாண வீட்டார் பண்டாரவளைக்குப் போகும்போது பனியில் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து மூச்சு முட்ட ஏசினார். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்ந்ததும், "முடிஞ்சிருச்சுங்களா? இன்னும் இருந்தா சொல்லுங்க, பனி இன்னும் வெளுக்கல" என்றார். தாய்மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

ஏன் இப்படி எல்லாப் பழியையும் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று அன்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "பியதாச வேணாம்னு சொல்லி, அதுக்கு நாப்பது பேரு அவனை ஏசுனா, அடுத்த தடவை அவன் வாயத் தொறக்க மாட்டான். பயந்துக்கிட்டே ஓட்டுவான். எனக்கு ஏச்சு பழகிருச்சு."

நவம்பர் 12ஆம் தேதி பிற்பகல் ஹல்துமுல்லையில் பஸ் ஏறியதும் அக்கா புறப்படுவதை அவரிடம் சொன்னேன். முன் சீட்டில் இருந்த மூட்டையை இறக்கி எனக்கு இடம் கொடுத்தார். கோச்சிக்கு முன்னால் அப்புத்தளையில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். பனி விட்டால் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெரகலைச் சந்தி வரை மழைதான். அதற்கு மேல் பனியும் இறங்கியது. முதலாளியம்மா கொங்காணியைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். பஸ் ஊர்ந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மேட்டை வெட்டிப் போட்ட ஒரு வளைவில் வெள்ளை நின்றது. அவர் முன்னால் போய் மறைந்து, கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கி ரோட்டைக் கடக்கிறது, கல் எதுவும் உருளவில்லை, மெதுவாகப் போனால் போய்விடலாம் என்றார்.

பியதாச இறங்கினார். தானும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தண்ணி கலங்கி வருது அம்மா. மண்ணைக் கரைச்சுக்கிட்டு வருது. எனக்குப் புடிக்கல" என்றார்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். அவர் போகலாம் என்று நினைத்தது எனக்குத் தெரியும். நான் முன் சீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் அவர் பியதாசவை வற்புறுத்தமாட்டாரா என்று காத்திருந்தேன்.

"சரி" என்று பியதாசவிடம் சொன்னார். பிறகு மிதிபலகையில் ஏறி உள்ளே பார்த்துச் சொன்னார்: "பஸ் இதுக்கு மேல போகாது. திருப்புறோம். காசைத் திருப்பித் தருவாங்க. நான்தான் வேணாம்னேன், ஏசுறதுன்னா என்னை ஏசுங்க."

ஏசினார்கள். கூரையில் லீக்ஸ் மூட்டை வைத்திருந்தவருக்குப் பண்டாரவளைச் சந்தை போய்விட்டது. இவ்வளவு பயம் இருப்பவர் எதற்கு பஸ் வாங்கினார், ஆட்டுக்குட்டி வாங்கி மேய்த்திருக்கலாமே என்று பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். பியதாச ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நானும் ஏசியிருப்பேன்.

அப்போது கீழே இருந்து மஞ்சள் வெளிச்சம் ஏறி வந்தது. நாநாவின் வேன். ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ்ஸைத் தாண்டிப் போகப் பார்த்தது. முதலாளியம்மா ஓடிப்போய் ரோட்டின் நடுவே நின்றார். வேன் அவருக்கு மிக அருகில் வந்து நின்றது. பஸ்ஸில் இருந்த சத்தம் அடங்கி, எல்லாரும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தோம்.

"என்னம்மா, உங்க பஸ் போகலன்னா எங்களையும் மறிக்கிறீங்களா?" என்றார் நாநா.

தண்ணீர் கலங்கி வருகிறது, போகாதீர்கள் என்று முதலாளியம்மா சொன்னார். காலையிலும் அதே இடத்தில்தான் இறங்கி வந்தேன், ஒன்றும் ஆகாது என்றார் நாநா.

"போறதுன்னா போங்க நாநா. ஒரு ஆளை மட்டும் ஏத்திக்கிட்டுப் போங்க. அவரு அக்கா இந்தியாவுக்குப் போறாங்க, கோச்சில. அப்புத்தளையில பாக்கணும்."

நாநா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "உள்ள ஊசி குத்த எடமில்ல. தொங்கிக்கிட்டு வர்றதுன்னா வரச் சொல்லுங்க."

முதலாளியம்மா என்னிடம் வந்தார். மழையில் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர் எப்போதும் உரக்கப் பேசுகிறவர். அப்போது தாழ்ந்த குரலில் பேசினார். "இந்த பஸ்ல இருக்குறவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லணும், கிளாக்கரய்யா. உங்களைப் போங்கன்னும் சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன்."

அந்த வேனில் எந்த டயர்கள் ஓடுகின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலாளர் லயத்துக்கு மேலே உள்ள குவார்ட்டர்சில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதையும் நினைத்தேன். பிறகு இறங்கிப் போய் வேனின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வளைவைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. காலில் சேறு அடித்தது. வேனின் பின்பக்கம் ஒருமுறை பள்ளத்துப் பக்கம் இழுத்தது. உள்ளே யாரோ அல்லாவைக் கூப்பிட்டார்கள், யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள். பிறகு டயர் எதையோ பற்றிக்கொண்டது. நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம்.

கோச்சி வந்தது. அக்கா பிளாட்பாரத்துப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியில் எல்லா ஜன்னலிலும் அழுகைதான். அவள் அழவில்லை. என் சட்டையைப் பார்த்து, "இப்படிச் சேத்தோடயாடா வருவ?" என்று ஏசினாள். தன் முந்தானையால் ஜன்னல் வழியே என் முகத்தைத் துடைத்தாள். கோச்சி நகரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

நாநாவின் துணிச்சல் இல்லாவிட்டால் அந்தச் சில நிமிடம் எனக்குக் கிடைத்திருக்காது. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி உண்டு. ஆனால் நாநா நான் இல்லாவிட்டாலும் போயிருப்பார். தன் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டே, தன் பயணிகள் எல்லாரும் பார்க்க, போட்டிக்காரரின் வேனை மறித்து எனக்கு இடம் கேட்டவரைப் பற்றித்தான் நான் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் தானும் போயிருக்கலாம் என்று நினைத்த ரோடு அது. பியதாச ஒரு வார்த்தை சொன்னதற்காக நின்றார்.

இரவு ஸ்டேஷன் வாங்குப் பலகையில் படுத்துக்கொண்டேன். மழை நின்றுவிட்டது.

13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. வெளுத்ததும் ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கிய ஒரு மரக்கறி லொறியில் ஏறினேன். அந்த வளைவுக்கு வந்தபோது எதிரே ரோட்டின் நடுவில் முதலாளியம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் காலை பஸ் நின்றது. லொறிக்காரர் எஞ்சினை நிறுத்தி பீடி பற்றவைத்தார். நான் இறங்கி நடந்தேன்.

"அக்காவைப் பாத்தீங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"பாத்தேங்க."

நல்லது என்பது போலத் தலையாட்டினார். உடனே அடுத்த கேள்வி. வேன் இந்த இடத்தில் எப்படிப் போனது, மேட்டுப் பக்கமாகவா, பள்ளத்துப் பக்கமாகவா, அப்போது தண்ணீர் எவ்வளவு இருந்தது? நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவருக்கு உண்மையாகவே ஏமாற்றமாக இருந்தது. "படிச்சவரு நீங்க. தொறந்து வச்சிருந்தா எங்களுக்கு உதவியா இருந்திருக்குமே" என்றார்.

ரோடு முழுதாக இருந்தது. மேட்டிலிருந்து ஒரு கல்கூட விழவில்லை. தார் மேல் சேறு ஒரு கோடாகப் படிந்திருந்தது, அவ்வளவுதான். பஸ் ஜன்னல்களில் நாலைந்து தலைகள் மட்டுமே தெரிந்தன. மற்றவர்கள் விடியற்காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டார்கள் என்று கண்டக்டர் முணுமுணுத்தான்.

பியதாச இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "நேத்துப் போயிருக்கலாம் அம்மா. என்னாலதான் ஆளுங்க போயிட்டாங்க."

"போயிருக்கலாம்" என்றார் முதலாளியம்மா. "நேத்து உனக்குத் தெரியல, நின்னோம். அது முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு என்ன சொல்ற?"

பியதாச நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு வளைவுக்குப் போனார். ரோட்டின் ஓரத்தைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். மேட்டை அண்ணாந்து பார்த்தார், கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்தார். குனிந்து சேற்றை விரலால் தொட்டுத் தேய்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் இருமினார். முதலாளியம்மா அவசரப்படுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போகலாம் அம்மா" என்றார் பியதாச.

அதன் பிறகுதான் முதலாளியம்மா வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.